மேசைமேல் ஒரு விமானியறை

விமானம் செலுத்துகிறவன் ஒரே சமயத்தில் இரண்டு உலகங்களில் வாழ்கிறான். கண்ணாடிக்கு அப்பால் மேகமும் மலையும் அடிவானமும் விரிந்து கிடக்கும் உலகம் ஒன்று. கண்ணாடிக்குக் கீழே, வேகத்தையும் உயரத்தையும் திசையையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும் கருவிகளின் உலகம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தன் பார்வையைத் தக்கபடி பங்கிட்டுக் கொடுக்கக் கற்றுக்கொள்வதே அந்தக் கலையில் பாதி என்று அதில் தேர்ந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு சிமுலேட்டரில் பறக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நெடுங்காலம் வாய்க்காமல் இருந்தது இந்தப் பங்கீடுதான். ஒரே திரைக்குள் ஆகாயத்தையும் கருவிப்பலகையையும் சேர்த்து அடைக்கும்போது, ஆகாயம் மேற்பாதியில் ஒடுங்கிவிடுகிறது; கருவிகளின் எண்களோ படிக்க இயலாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. எண்ணைப் பெரிதாக்கினால் ஆகாயம் மறைகிறது. ஆகாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் எண் மறைகிறது. பார்ப்பது என்ற இயல்பான காரியம் விசைகளை அழுத்தும் காரியமாக மாறிவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்த்து வைத்தது விலையுயர்ந்த யந்திரம் எதுவும் அன்று. படம் பார்க்கவும் செய்தி படிக்கவும் என் மகன் வாங்கி, புதியது ஒன்று கைக்கு வந்ததும் அலமாரியில் வைத்துவிட்டுப் போன பழைய ஐபேட் ஒன்றே அதைத் தீர்த்தது. அதனால் எனக்குக் கிடைத்த அநுபவத்தையும், அந்த அநுபவத்தின் பயனாக எனக்குள் உறுதிப்பட்ட அபிப்பிராயத்தையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

என் உத்தியோக வாழ்வு முழுவதும் கருவிகளோடு கழிந்தது. திருச்சிராப்பள்ளிப் பொன்மலை ரயில்வே பணிமனையில் அழுத்தமானிகளையும் வேகமானிகளையும் பிரித்துப் பழுது நீக்கி, அவற்றின் ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று சோதித்து, முத்திரையிட்டு அனுப்புவது என் வேலை. ஊசி பொய் சொன்னால் அதை நம்பி என்ஜினை ஓட்டுகிறவனுக்கு என்ன நேரும் என்ற எண்ணம் அந்த வேலையில் ஈடுபட்ட எவரையும் விட்டு அகலாது. பணிமனைக்கும் விமான நிலையத்துக்கும் அதிக தூரம் இல்லை. தலைக்குமேல் தாழ்ந்து இறங்கும் விமானத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், அதன் உள்ளே எந்தெந்தக் கருவி எந்தெந்த எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் என்பதே என் மனத்தில் முதலில் எழும் கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு முதலில் உதவியது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிளைட் சிமுலேட்டர். புரூஸ் ஆர்ட்விக் என்பவர் உருவாக்க, 1982-இல் ஐ.பி.எம். கணினிக்காக முதன்முதலாக வெளிவந்த அந்த மென்பொருளின் பிற்காலப் பதிப்பு ஒன்று, வீட்டுக்குக் கணினி வந்த காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தது. சிகாகோ நகரத்து ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு என்னும் சிறு விமானத் திடலிலிருந்தே அதில் பறக்கத் தொடங்க வேண்டும். 2003 மார்ச் மாதத்தில் அந்நகர மேயரின் உத்தரவுப்படி இரவோடு இரவாக அந்த ஓடுபாதை உடைக்கப்பட்டுத் திடலே மூடப்பட்டுவிட்டது என்றாலும், உலகெங்கும் எண்ணற்றோர் இன்னும் தங்கள் பழைய கணினிகளில் அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். பின்னாளில் ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேனுக்கு மாறினேன். இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின்மீதும் காற்று செலுத்தும் விசையைத் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றின் கூட்டுப் பலனாக விமானத்தை இயக்கும் அதன் முறை என் தொழிற்புத்திக்கு உகந்ததாக இருந்தது.

2004-ஆம் ஆண்டையொட்டிச் சிறு விமானங்களின் முகத்தோற்றமே மாறத் தொடங்கியது. வட்ட வட்டமான ஊசிக் கருவிகள் ஆறும் இருந்த இடத்தை, கார்மின் நிறுவனத்தின் ஜி1000 போன்ற மின்திரைகள் எடுத்துக்கொண்டன. திரையின் முழு அகலத்துக்கும் நீலவானமும் பழுப்பு நிலமும் அவற்றைப் பிரிக்கும் அடிவானக் கோடும்; இடப்புறம் ஏறி இறங்கும் வேகப்பட்டை; வலப்புறம் உயரப்பட்டை; கீழே திசைவட்டம். வேகப்பட்டையின் ஓரத்தில் ஊதாச் சிவப்பில் ஒரு சிறு கோடு நீளும். இப்போதைய போக்கு மாறாவிட்டால் இன்னும் ஆறு விநாடியில் வேகம் எவ்வளவாக இருக்கும் என்பதை அது முன்கூட்டியே சொல்லும். நடந்ததைச் சொல்லும் ஊசிகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, நடக்கப்போவதைச் சொல்லும் அந்தக் கோட்டின்மீது உண்டான மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இந்த ஜி1000 திரை 10.4 அங்குலம், அதில் குறுக்கே 1024, நெடுக்கே 768 புள்ளிகள். 2010-இல் வெளிவந்த முதல் ஐபேடின் திரை 9.7 அங்குலம், அதிலும் 1024, 768 புள்ளிகளே. விகிதமும் ஒன்று, அளவும் ஏறக்குறைய ஒன்று. யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தம் அன்று இது. ஆயினும், அலமாரியில் கிடந்த அந்தச் சாதனத்தை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தபோது, செஸ்னா 172 விமானத்தில் அந்தத் திரை இருக்கும் ஏறக்குறைய அதே பருமனில், எண்கள் ஏறக்குறைய அதே அளவில் என் கண்முன் நின்றன. இயல்பான அளவில் ஒரு கருவியைக் காண்பது வெறும் அலங்காரம் அன்று. எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரத்தில், எந்த எண்ணைக் கண் பற்றுகிறது என்பதெல்லாம் அந்த அளவையே பொறுத்திருக்கின்றன.

டேப்லெட்டைக் கருவிப்பலகையாக்குவதற்கு அடிப்படையில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. அவற்றின் வேற்றுமையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் மார்க்கத்தில், டேப்லெட் என்பது கணினியின் இரண்டாவது திரை, அவ்வளவே. சிமுலேட்டரில் கருவியின் படத்தைத் தனிச் சாளரமாகப் பிரித்தெடுத்து, அந்தச் சாளரத்தை இரண்டாம் திரைக்கு இழுத்துவிட்டால், கணினி அந்தப் படத்தை வரைந்து, சுருக்கி, வை-ஃபை வழியே அனுப்பும். டேப்லெட் அதை விரித்துக் காட்டும். இரண்டாம் மார்க்கத்தில் படம் எதுவும் பயணம் செய்வதில்லை. வேகம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, மூக்கு இத்தனை பாகை மேலே, இறக்கை இத்தனை பாகை சாய்வு என்று எண்கள் மட்டுமே வருகின்றன. அவற்றைக் கொண்டு டேப்லெட்டிலுள்ள செயலியே கருவியின் முகத்தை வரைந்துகொள்கிறது.

முதல் மார்க்கம் எளிது. நானும் அதிலேதான் தொடங்கினேன். ஆனால் 1024-ஐ 768-ஆல் பெருக்கினால் வரும் புள்ளிகள் 7,86,432. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம், சுருக்காத ஒரு படம் இருபத்துமூன்று லட்சம் பைட்டுக்கு மேல் கனக்கிறது. விநாடிக்கு முப்பது படம் வேண்டும். எவ்வளவு திறமையாகச் சுருக்கினாலும், சுருக்குவதற்கும் அனுப்புவதற்கும் விரிப்பதற்கும் நேரம் பிடிக்கத்தான் செய்கிறது. போதாததற்கு, ஆகாயத்தை வரைந்துகொண்டிருக்கும் கணினியின் தலையில் இந்தச் சுமையும் ஏறுகிறது. எக்ஸ்-பிளேன் தானாகவே வெளியிடும் தரவுப் பொட்டலத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தகவல் தொகுதியும் அதன் அடையாள எண்ணோடு எட்டு மதிப்புகளைத் தாங்கிய 36 பைட். தலைப்புக்கு ஐந்து பைட். ஆறு தொகுதிகளை அனுப்பினாலும் மொத்தம் 221 பைட்டுக்கு மேல் போகாது. அதுவும் யு.டி.பி. என்னும் முறையில், பெறுகிறவன் பெற்றுக்கொண்டானா என்று கேட்டுக் காத்திராமல், அடுத்ததை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வழியில் ஒரு பொட்டலம் தவறிப்போனால் அதைத் திரும்பத் தேட வேண்டியதில்லை; கண்ணிமைக்கும் முன் புதிய எண் வந்து சேர்ந்துவிடும். பழைய உண்மையைத் திரும்பச் சொல்வதைவிடப் புதிய உண்மையைச் சொல்வதே இங்கே பிரயோஜனம் உள்ளது.

இந்தத் தாமதத்தை நான் இத்தனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. விமானத்தின் மூக்கு தாழ்கிறது என்று கருவி சொல்ல, கை அதை உயர்த்துகிறது. கருவி ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு பிந்திச் சொல்லுமானால், கை உயர்த்திய பிறகும் தாழ்ந்திருப்பதாகவே அது காட்டும். கை மேலும் உயர்த்தும். பிறகு மூக்கு மிதமிஞ்சி ஏறிவிட்டது என்று தெரியவரும்போது கை அதை அமுக்கும். இப்படி விமானம் அலையில் அகப்பட்டதுபோல் ஏறி இறங்கத் தொடங்குகிறது; குற்றம் கையினுடையதும் அன்று, விமானத்தினுடையதும் அன்று. விமான நிறுவனங்கள் தங்கள் விமானிகளைப் பழக்கும் உயர்தரச் சிமுலேட்டர்களில் கூட, கையின் அசைவுக்கும் கருவியின் மறுமொழிக்கும் இடைப்பட்ட தாமதத்துக்கு 150 மில்லி விநாடி என்ற வரம்பை அமெரிக்க விதிகள் நெடுங்காலம் வைத்திருந்தன என்பதை அறிந்தபோது, இது வீட்டுப் பொழுதுபோக்குக்காரனின் வீண் கவலை அன்று என்பது எனக்குத் தெளிவாயிற்று. இரண்டாம் மார்க்கத்துக்கு மாறிய அன்றே என் விமானம் நிதானப்பட்டது.

ஜி1000 முழுவதையும் ஐபேடில் வரைந்து காட்டும் செயலிகளில் சிமியோனிக் பெயர்பெற்றது. பழைய ஊசிக் கருவிகளை விரும்புகிறவர்களுக்கு ஏர் மேனேஜர் என்னும் மென்பொருள் உண்டு. வேண்டிய கருவிகளைத் தேர்ந்து வேண்டிய இடத்தில் அடுக்கிக்கொள்ளலாம். ஏர்பஸ் விமானத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு, பிளை பை வயர் என்ற தன்னார்வலர் கூட்டம் இலவசமாக வழங்கும் ஏ320 நியோ விமானத்தில், பாதைக் கணினியின் விசைப்பலகையை டேப்லெட்டின் பிரவுசரிலேயே திறந்துகொள்ளும் வசதி இருக்கிறது. எந்தச் செயலியானாலும், கணினியைக் கம்பி வழியே ரவுட்டரோடு இணைத்து, டேப்லெட்டை மட்டும் வை-ஃபையில் விடுவது உத்தமம். விண்டோஸின் ஃபயர்வால் எண்களை வழிமறிக்காதபடி அநுமதி கொடுக்க வேண்டும். திரை தானாக அணைந்துவிடும் ஏற்பாட்டை நிறுத்திவைக்க வேண்டும்.

டேப்லெட்டை மேசைமேல் சாய்த்து வைத்த மாத்திரத்தில் அது கருவிப்பலகை ஆகிவிடாது. அதற்கு ஓர் இடம், ஒரு சாய்வு, ஒரு சட்டகம் வேண்டும். எங்கள் தெருவில் கதவு நிலை செய்யும் ஆசாரியை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டேப்லெட்டை வாங்கி நாலு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், இது சூடாகும் சாமான்தானே? பின்னாடி அடைக்கக் கூடாது. முன்பக்கம் ப்ளைவுட்டுல திரை தெரியற அளவுக்கு வெட்டிக்குவோம். பின்னாடி நாலு மூலையில மட்டும் தாங்கு கொடுப்போம். காத்து போகட்டும்" என்றார்.

விமானம் என்ற பேச்சை எடுக்காமலே அவர் சொன்ன அந்த யோசனையால்தான் இன்றுவரை அந்தச் சாதனம் சித்திரை வெயிலிலும் அணைந்துபோகாமல் உழைக்கிறது. முழு வெளிச்சத்தில், மின்னேற்றியும் இணைந்திருக்க, மணிக்கணக்கில் ஓடும் டேப்லெட் கொதித்துப் போய்த் தன்னைத் தானே மங்கலாக்கிக்கொள்ளும். பின்புறம் திறந்திருப்பதே அதற்குப் பரிகாரம். வெட்டிய துவாரம் டேப்லெட்டின் விளிம்பை மறைத்துத் திரையை மட்டும் காட்டியதால், அது டேப்லெட் என்ற நினைவே பார்ப்பவருக்கு எழவில்லை.

கணினித் திரை எனக்கு முக்கால் மீட்டர் தூரத்தில். ஆசாரியின் சட்டகம் அதைவிட வெகு அருகில், தாழ்வாக, மேல்நோக்கிச் சற்றுச் சாய்ந்து. இந்தத் தூர வித்தியாசமே எல்லாவற்றிலும் முக்கியம் என்பது பறக்கத் தொடங்கிய பிறகுதான் புலப்பட்டது. ஆகாயத்தைப் பார்க்கத் தலை நிமிர வேண்டும். கருவியைப் பார்க்கத் தலை குனிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கண் தன் குவியத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடியின் மேற்பாதி ஆகாயத்துக்கும் கீழ்ப்பாதி கருவிக்கும் என்று தானாகவே ஏற்பாடு அமைந்துவிட்டது. அதுவரையில் படம் பார்த்துக்கொண்டிருந்த நான், அன்றுதான் விமானத்துக்குள் உட்கார்ந்தேன்.

அதன் பயனைச் சரியாக உணர்த்தியது திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் மார்க்கம். இரு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 66 கடல்மைல். செஸ்னாவில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். தென்மேற்காக 4,500 அடியில் பறந்தால், விராலிமலை வலப்புறம் ஒதுங்கும். அதை அடுத்துத் துவரங்குறிச்சி வரும். அதற்கப்பால் அழகர்மலை வலப்பக்கம் நீண்டு படுத்திருக்கும். ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ப் பழகிய ஊர்களை மேலிருந்து அடையாளம் கண்டு மகிழ்ந்துகொண்டே போவது இன்பமான அநுபவம். ஆனால் ஒரு நாள் வேண்டுமென்றே சிமுலேட்டரின் வானிலையை மாற்றி, ஐப்பசி மாதத்து அடைமழை மேகத்தை 1,500 அடி முதல் அடர்த்தியாகப் பரப்பிவிட்டுக் கிளம்பினேன். ஓடுபாதையை விட்டெழுந்து இரண்டு நிமிஷத்துக்குள் கணினித் திரை முழுவதும் வெண்சாம்பல் நிறமாயிற்று. விராலிமலையும் இல்லை, அழகர்மலையும் இல்லை. தலை நிமிர்வதற்கே அவசியம் அற்றுப்போய், முழு உலகமும் ஆசாரியின் சட்டகத்துக்குள் வந்து அடங்கியது.

அடிவானக் கோடு, வேகம். அடிவானக் கோடு, உயரம். அடிவானக் கோடு, திசை. கண் இப்படி மையத்துக்கு மீண்டு மீண்டு வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு கருவியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். எதிலும் நிலைத்துவிடக் கூடாது. எதையும் மறந்துவிடவும் கூடாது. உயரப்பட்டையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் திசை பத்துப் பாகை நழுவிவிடும். இந்த அப்பியாசத்தை ஒரே திரையில், மவுஸால் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பழகவே முடியாது. அழகர்மலையைக் கடந்து, வைகையையும் தாண்டி, மேற்கே திரும்பி 27-ஆம் ஓடுபாதைக்கு நேர்ப்பட்டபோது, நிலத்தின்மீது வேகம் 90 நாட். மூன்று பாகைச் சரிவில் இறங்க வேண்டுமானால் நிமிஷத்துக்குச் சுமார் 480 அடி இழக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த எண்ணை ஒரு கண்ணிலும் அடிவானக் கோட்டை மறு கண்ணிலும் வைத்துக்கொண்டு இறங்கினேன். மேகத்தின் அடிப்பாகம் கிழிந்து, ஓடுபாதை விளக்குகள் நேர் எதிரே தோன்றின.

இப்படிக் கருவியை மட்டும் நம்பி இறங்குவதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1929 செப்டம்பர் 24-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்து மிட்செல் ஃபீல்டில், ஜிம்மி டூலிட்டில் என்னும் விமானி, தம் இருக்கையைத் துணிக்கூண்டால் முழுவதும் மூடிக்கொண்டு, வெளியே ஒன்றையும் பாராமல், கருவிகளை மாத்திரம் நம்பி விமானத்தை எழுப்பி, சுற்றி, அதே திடலில் இறக்கினார். முன் இருக்கையில் பென் கெல்சி என்பவர் ஆபத்துக்கு உதவியாக உட்கார்ந்திருந்தார். அவர் விமானத்தைத் தொடவில்லை. கோல்ஸ்மனின் நுண்ணிய உயரமானியும், ஸ்பெர்ரியின் செயற்கை அடிவானமும் திசைச்சுழலியும் அன்று டூலிட்டிலின் கண்களாக இருந்தன. அதே 1929-இல்தான், பிங்காம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவரின் மகனான எட்வின் லிங்க், ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே அசைந்தாடும் ஒரு பயிற்சி விமானத்தைக் கட்டினார். தொடக்கத்தில் அதை மதித்தவர்கள் குறைவு. 1934-இல் தபால் விமானங்களை ஏற்று நடத்திய அமெரிக்க ராணுவம் மோசமான வானிலையில் தன் விமானிகளை அடுத்தடுத்துப் பலிகொடுத்த பின்னர்தான் ஆறு யந்திரங்களை வாங்கியது. அதன் பின் உலகப் போர்க்காலத்தில் லட்சக்கணக்கான விமானிகள் அதன் மூடிய கூண்டுக்குள்தான் கருவியை நம்பக் கற்றார்கள். என் மேசைமேல் இருப்பது அந்த வம்சத்தின் கடைசிக் குழந்தை என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேகத்துக்குள் விமானியை ஏமாற்றுவது அவனுடைய காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு. வளைந்து இறங்கும்போது நேராகப் போவதாகவும், நேராக்கியதும் சாய்ந்துவிட்டதாகவும் அது பொய் உரைக்கும். அசையாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பொய்யை எதிர்த்துப் போராடும் பயிற்சி கிடைப்பதில்லை. கண்ணின் பயிற்சி மட்டுமே கிடைக்கிறது. ஆயினும் அது சிறிய லாபம் அன்று.

இனித் தொடுகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எதிர்வீட்டுப் பெண் வெளிமாநிலத்தில் விமானப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது என் சட்டகத்தின் முன் வந்து உட்கார்ந்தாள். வேகப்பட்டையையும் திசைவட்டத்தையும் பார்த்து முகம் மலர்ந்தவள், திசைக்குறியைத் திருப்புவதற்காகத் திரைமேல் வரைந்திருந்த வட்டத்தில் விரலை வைத்துச் சுழற்றியதும் கையை எடுத்துவிட்டாள்.

"தாத்தா, பார்க்கறதுக்கு அப்படியே இருக்கு. ஆனா அங்கே நான் வெளியே பார்த்துக்கிட்டே இதைத் திருப்புவேன். இங்கே விரல் எங்கே இருக்குன்னு பார்க்க ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியிருக்கே!"

அவள் சொன்னது முற்றிலும் மெய். உண்மையான ஜி1000 தொடுதிரை அன்று. அதன் அடிவிளிம்பில் பன்னிரண்டு விசைகளும், இரு பக்கங்களிலும் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சுழலும் இரட்டைக் குமிழ்களும் உண்டு. கை அந்தக் குமிழைத் தேடிப் பிடிக்கும். ஒவ்வொரு சுழற்சிக்கும் ‘டிக்’ என்ற ஒரு சிறு தடையை விரல் உணரும். இத்தனை டிக்குக்கு இத்தனை பாகை என்று கண்ணின் துணையில்லாமலே கணக்குத் தெரிந்துவிடும். கண்ணாடிக்கு இந்த ஸ்பரிசம் கிடையாது. பார்வையைப் பங்கிட உதவிய சாதனமே, தொடும் வேலையையும் ஏற்றுக்கொண்டதும் பார்வையைத் திருடத் தொடங்கிவிடுகிறது.

இது மேசைமேல் பறப்பவர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் அன்று. 2017 ஆகஸ்டு 21 அன்று சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்னும் போர்க்கப்பல் ஆல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதி, பத்து மாலுமிகள் உயிரிழந்தார்கள். சுக்கானின் ஆளுகை ஒரு மேடையிலிருந்து வேறொரு மேடைக்கு மாறியதும், இரண்டு உந்திகளின் இணைப்பு பிரிந்து ஒன்று மட்டும் வேகம் குறைந்ததும், தொடுதிரையின் முன் நின்றவர்களுக்கு உடனே விளங்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 2019-இல் அக்கடற்படை தன் நாசகாரிக் கப்பல்களில் வேகத்துக்குக் கையால் தள்ளும் பிடிகளையே மறுபடியும் பொருத்துவதென்று முடிவு செய்தது. பிடி எந்த நிலையில் இருக்கிறது என்பதை, அதன்மேல் வைத்த கையே சொல்லிவிடும்.

இதனால் தொடுதிரையே தகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஏர்பஸ் ஏ350 விமானத்திலேயே 2019 முதல் தொடுதிரைகள் ஐரோப்பிய அதிகாரிகளின் அங்கீகாரம் பெற்று வந்துவிட்டன. வரைபடத்தை விரலால் நகர்த்துவது, பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்வது, நிதானமாக எழுத்துகளை அழுத்திப் பாதையை எழுதுவது போன்ற, குனிந்து பார்த்தே செய்ய வேண்டிய காரியங்களுக்குத் தொடுகை மிக உகந்தது. ஏ320-இன் விசைப்பலகை டேப்லெட்டில் சௌகரியமாக இருப்பதும் இதனாலேயே. அசலிலும் அது பார்த்து அழுத்தும் விசைகளின் தொகுதிதான். வழிவரைபடங்களைப் பொறுத்தவரையிலோ, டேப்லெட் வேறெதையும் போலப் பாவனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகள் சுமந்து திரிந்த சுமார் 16 கிலோ எடையுள்ள காகிதப் பைகளை நீக்கி ஐபேடைக் கொடுத்துவிட்டது. விமானியின் மடிமேல் இருப்பதும் என் மேசைமேல் இருப்பதும் அந்த விஷயத்தில் ஒரே பொருள்.

அந்தப் பெண் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பிய பிறகு நான் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, சுழல்குமிழ்களும் ஓர் ஆர்டுயினோ மெகா பலகையும் வாங்கிவந்தேன். மோபிஃபிளைட் என்னும் இலவச மென்பொருள், குமிழின் ஒவ்வொரு டிக்கையும் சிமுலேட்டருக்கு எடுத்துச் சொல்கிறது. திசைக்குறி, எட்ட வேண்டிய உயரம், காற்றழுத்தம், வானொலி அலைவரிசை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு குமிழ். ஆசாரி மறுபடியும் வந்து சட்டகத்தின் ஓரங்களில் துளையிட்டு அவற்றைப் பதித்துக் கொடுத்தார். குமிழைத் திருப்பினால் சிமுலேட்டரில் எண் மாறுகிறது. மாறிய எண் டேப்லெட்டுக்கு வந்து திரையில் குறி நகர்கிறது. என் பார்வை ஆகாயத்தை விட்டு அகலாமல் இருக்க, கை தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது. பணிமனையில் ஊசிகளைச் சோதித்த விரல்களுக்கு மறுபடியும் தொழில் கிடைத்தது.

அடுத்த விடுமுறையில் அந்தப் பெண் தினமும் மாலையில் வந்தாள். அவளுக்கு வர்த்தக விமானி உரிமம் கிடைக்க 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். என் மேசைமேல் கழித்த ஒரு நிமிஷமும் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் எந்தத் திரைப்பக்கம் எந்த விசைக்குள் இருக்கிறது, அலைவரிசையை எப்படி மாற்றுவது, ஒரு திரை அணைந்துபோனால் மறு திரையில் எதையெல்லாம் தேட வேண்டும் என்பவற்றை இங்கே பழகிக்கொண்டு போனதால், அங்கே விலையுயர்ந்த விமான நேரத்தைப் பறப்பதற்கே செலவிட முடிந்தது என்று தொலைபேசியில் சொன்னாள்.

சிமுலேட்டரில் பறக்கும் நண்பர்களுக்கு, ஆகவே, நான் வற்புறுத்திச் சொல்வது இவ்வளவுதான். வீட்டில் பழைய டேப்லெட் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள்; விற்றாலும் சொற்பத் தொகையே கிடைக்கும். எண்களை மட்டும் பெற்றுத் தானே வரைந்துகொள்ளும் செயலியை அதில் ஏற்றி, கணினித் திரைக்குக் கீழே, அதைவிட அருகில், பின்புறம் காற்றோட்டம் விட்டுப் பொருத்துங்கள். கருவிகளைப் பார்ப்பதையும் வரைபடத்தையும் அதனிடம் ஒப்படையுங்கள். செலவழிக்கப் பணம் இருக்குமானால் இன்னொரு திரை வாங்காமல், கையால் திருப்பக்கூடிய நல்ல குமிழ்கள் இரண்டு வாங்குங்கள்.